மிதந்ததை நேரில் கண்டேன்

முப்பத்தொன்றாம் எண் கப்பல் கடலில் இறங்கிவிட்டதாகக் காகிதத்தில் எழுதப்பட்ட பதினேழாம் நாள், மதியச் சாப்பாட்டுச் சங்கு ஊதி அடங்கும் நேரத்தில், அது தன் மேடையை விட்டு ஊரை நோக்கிப் புறப்பட்டது. ஓர் ஆள் காலை நீட்டிப் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் வந்து நின்றது. இரும்பு பீரோவைச் சிமெண்டுத் தரையில் இழுப்பது போலச் சத்தம் கேட்டது. கேன்டீனில் இருந்த நாங்கள் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தோம், பிறகு குனிந்து சாப்பிட்டோம். மறுநாளும் சங்கு ஊதியபோது அதே அளவு வந்தது. மூன்றாம் நாள் வந்ததும் காவலுக்கு நின்றவர் தன் நாற்காலியைத் தூக்கி நான்கு அடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

எல்லாக் கப்பலையும் போல அதுவும் பின்பக்கம் கடலையும் மூக்கு ஊரையும் பார்க்கத்தான் கட்டப்பட்டிருந்தது, ஏனென்றால் கப்பல் பின்பக்கமாகத்தான் சரிவில் வழுக்கித் தண்ணீருக்குள் போகும். போகச் சொல்லிவிட்டுத் தள்ளாமல் விட்டால் அது மூக்கு பார்த்த பக்கம் போகும் என்று எங்களில் யாரும் யோசித்திருக்கவில்லை.

சிப்பித்துறைக் கப்பல் தளம் அரசாங்கத்துடையது. ஒரு காலத்தில் அதில் ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள், அந்த வருஷம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஒன்பது வருஷமாக ஒரே கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தோம். இஞ்சினுக்கு ஒரு அலுவலகம் அனுமதி தர வேண்டியிருந்தது, கதவுகளுக்கு இன்னொரு அலுவலகம், கப்பலுக்குப் பெயர் வைக்க மூன்றாவது ஒரு அலுவலகம். ஒன்று சரி என்றபோது மற்றொன்றில் அதிகாரி மாறியிருப்பார். சென்னையிலிருந்து மேற்பார்வைக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து, கப்பலைச் சுற்றி நடந்து, முந்திரிப் பருப்பு தின்று, கவலையாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போகும். கடைசியாக அவர்கள் எழுதியது, மார்ச் முப்பத்தொன்றுக்குள் கப்பல் தண்ணீரில் மிதக்காவிட்டால் தளத்தை மூடிவிடலாம் என்பது.

மேடையின் தண்டவாளம் நடுவில் உடைந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதனால் எங்கள் எம்டி காகிதத்தில் இறக்கிவிடலாம் என்றார். சாமியானா போட்டோம், நாதஸ்வரம் வைத்தோம், குழுத் தலைவர் தேங்காய் உடைத்துக் கயிற்றை வெட்டினார், பின்னால் கடல் தெரிகிற மாதிரி ஒரு பக்கமாக நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். படிவத்தில் மூன்று கையெழுத்துகள் வேண்டும். எம்டி ‘சமர்ப்பிக்கப்படுகிறது’ என்பதன் கீழே போட்டார். குழுத் தலைவர் ‘பார்வையிடப்பட்டது’ என்பதன் கீழே போட்டார். மூன்றாவது கையெழுத்து அளவுப் பிரிவு போட வேண்டியது. கப்பலின் மூக்கில் வரைந்திருக்கும் எண்களில் எது வரைக்கும் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று படித்து எழுதிவிட்டு, ‘மிதந்ததை நேரில் கண்டேன்’ என்பதன் கீழே போடுவது. அளவுப் பிரிவுத் தலைவருக்கு அன்று காலையில் வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஜெபக்கனி.

ஜெபக்கனி ஆறு வருஷமாகத் தற்காலிக வேலையில் இருந்தாள், இருபத்தெட்டு வயது, மூன்றாம் தெருவில் ஒன்பதாம் எண் வீடு, கணவன் ஆசீர் தளத்திலேயே வெல்டர். யாராவது அதட்டினால் மன்னிப்புக் கேட்டுவிட்டு அப்புறம் எதற்கு என்று யோசிக்கிறவள். எம்டி பேனாவைத் திறந்து நீட்டினார். அவள் கப்பலைப் பார்த்தாள், அதன் கீழே காய்ந்து கிடந்த சிமெண்டைப் பார்த்தாள், எத்தனை என்று எழுதட்டும் என்று மட்டும் கேட்டாள். இரண்டரை மீட்டர் என்றார்கள். எழுதிப் போட்டாள். எல்லோரும் கை தட்டினோம், நாங்களும்தான்.

கப்பல் சித்திரையில் சுற்றுச்சுவரைக் கடந்தது, வைகாசியில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையைக் கடந்தது, ஆனியில் முதல் தெருவுக்குள் வந்தது. வந்த வழியெல்லாம் பள்ளம் விழுந்தது, பள்ளத்தில் உப்புத் தண்ணீர் ஊறியது, தண்ணீரில் விரல் நீள மீன்கள் வந்தன. எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை, குழம்பு வைத்தோம். கடல் எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது, அதனால் காலை வெயிலில் கப்பலுக்கு முன்னால் அதன் நிழல் வரும். முதலில் முற்றத்துக்கு வரும், பிறகு நடைக்கு, பிறகு தொட்டிலுக்கு. நிழல் அடுப்படிக்கு வந்துவிட்டால் சாமான் கட்ட வேண்டும் என்று ஒரு கணக்கு ஏற்பட்டுவிட்டது. கட்டிய குடும்பத்துக்கு அடுத்த தெருக்காரர்கள் ஒரு நேரச் சோறு கொடுப்பது என்றும் ஏற்பட்டது. மதியச் சங்குக்குப் பத்து நிமிஷம் முன்பே குழந்தைகளை எண்ணி உள்ளே கூட்டி வைப்போம். நாய்கள் அந்த நேரத்துக்குத் தாமாகவே கிணற்றடிக்குப் போய்விடும். ஒரு கல்யாணப் பத்திரிகையில் வழி சொல்லும் இடத்தில் ‘அதற்கு மேற்கே’ என்று அச்சடித்திருந்தார்கள், எல்லோருக்கும் புரிந்தது. கப்பல் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் கப்பல் கடலில் இருந்தது. மின்கம்பம் சாய்ந்தபோது காற்று என்று எழுதிக்கொடுத்தோம். தண்ணீர்க் குழாய் நசுங்கியபோது வேர் என்று எழுதிக்கொடுத்தோம்.

கடலில் நிற்கிற கப்பலில் வேலை செய்ய வேண்டும் என்றால் படகில் போக வேண்டும். அதனால் தினமும் காலையில் வெல்டர்களும் பெயிண்டர்களும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு தளத்தின் படகில் ஏறி, அலைத்தடுப்புச் சுவரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஏறின இடத்திலேயே இறங்கி, அந்தச் சட்டையோடு தெரு வழியாக நடந்து வந்து, ஏணி வைத்து அதன் மேலே ஏறுவார்கள். சட்டையைக் கழற்றினால் பாதுகாப்பு அதிகாரி குறிப்பு எழுதுவார். ஆசீரும் அப்படித்தான் போய் வந்தான். ஆவணியில் ஒரு நாள் அவன் மேலே நின்று பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, மூக்குக்கு நேர் எதிரே, கீழே, தன் வீட்டு ஓட்டுக் கூரையைப் பார்த்தான்.

நிழல் அடுப்படிக்கு வந்ததும் ஜெபக்கனியும் ஆசீரும் சாமான் கட்டிக்கொண்டு கீழத்தெருவில் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் சங்கு ஊதியது. எல்லோரும் ஒன்பதாம் எண் வீடு நொறுங்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அது நொறுங்கவில்லை. கப்பல் அன்று முன்னால் வரவில்லை, நின்ற இடத்திலேயே மெதுவாக மூக்கைத் திருப்பியது, நான்கு நாளில் கீழத்தெருப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது, ஐந்தாம் நாள் அந்தப் பக்கம் நகர்ந்தது.

தற்செயல் என்று சொன்னோம். அக்கா வீட்டுக்காரருக்குப் பயம் வந்து, அவர்கள் கோயில் பின்புற விருந்தினர் அறைக்குப் போனபோது அது கோயிலைப் பார்த்துத் திரும்பியது. பாதிரியார் கைகூப்பிக் கேட்டுக்கொண்டதன் பேரில் அவர்கள் பேருந்து நிலையம் பக்கத்தில் ஓர் அறைக்குப் போனபோது பேருந்து நிலையத்தைப் பார்த்துத் திரும்பியது. அதற்கப்புறம் தற்செயல் என்று சொல்ல முடியவில்லை. சங்கச் செயலாளர் பால்வண்ணன் அண்ணாச்சிதான் முதலில் வாய் திறந்தார். மூன்று பேர் போட்டார்கள், ஆனால் ஒருவர் அனுப்பி வைத்தேன் என்றார், ஒருவர் பார்த்துவைத்தேன் என்றார், கண்ணால் கண்டேன் என்று சொன்னது அவள் ஒருத்தி, அது தன்னை மிதக்கக் கண்டவளைத் தேடி வருகிறது, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றார். ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என்றுதான் எங்களுக்கும் தோன்றியது. பயம் மட்டும் இடம் மாறியது. அதுவரை நாங்கள் கப்பலைப் பார்த்துப் பயந்தோம், அன்றிலிருந்து ஜெபக்கனியைப் பார்த்துப் பயந்தோம்.

அவள் கடைக்கு வந்தால் கடைக்காரர் முதலில் அவளுக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார். நல்லவிதமாகத்தான், கையில் கூடக் கொஞ்சம் கருவேப்பிலை போட்டு. யாரும் அவளைத் திட்டவில்லை. எங்கள் வீட்டுப் படியில் அவள் ஒரு நாள் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தபோது என் அம்மா காபி கொடுத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கும்வரை கிழக்கே பார்த்துக்கொண்டே நின்றாள். அக்காவும் கதவைப் பாதி திறந்து பேசினாள். கார்த்திகையில் அவர்கள் வேறு போக்கிடம் இல்லாமல் மூன்றாம் தெரு ஒன்பதாம் எண்ணுக்கே திரும்பி வந்தார்கள். அது சுற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தது.

தை பிறந்ததும் பால்வண்ணன் அண்ணாச்சி பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். நானும் வாசலில் நின்றேன். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார், ஆசீரின் தோளைத் தட்டினார், ஊரே அவளுக்குக் கடமைப்பட்டது என்றார், பிறகு விஷயத்துக்கு வந்தார். அலைத்தடுப்புக்கு வெளியே ஒரு தோணியை நங்கூரம் போட்டு நிறுத்தலாம், அதில் கூரை போட்டு, மெத்தை போட்டு, வானொலி வைத்து, மூன்று வேளையும் சோறு கொண்டுபோய்க் கொடுக்கலாம், அவள் அதில் இருந்தால் போதும், அது தானாகத் திரும்பிக் கடலுக்குள் போய்விடும், எழுதினதும் உண்மையாகிவிடும், தளமும் பிழைக்கும் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தோணிக்குப் பெயிண்ட் அடிக்கக்கூட ஆள் பார்த்து வைத்திருந்தார்.

ஜெபக்கனி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“எப்பம் கரைக்கு வரலாம் அண்ணாச்சி?”

அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். கரைக்கு வந்தால் அதுவும் கரைக்கு வரும். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் எழுந்துகொண்டார்.

ஆசீர் மட்டும் வாசல்வரை வந்து, “அவளுக்குத் தண்ணின்னாலே ஆகாது அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய” என்றான், ஏதோ கல்யாணத்துக்கு வர முடியாததற்குச் சொல்வது போல.

மாசி முடிவில் வருஷ மேற்பார்வைக்குக் குழு வந்தது. இந்தமுறை கப்பல் மூன்றாம் தெருவில், ஒன்பதாம் எண் வீட்டு வாசலிலிருந்து நான்கு ஆள் நீளத்தில் நின்றது. அதன் வயிறு இரண்டு பக்கத்து வீடுகளுக்கு மேலாக வளைந்து போயிருந்தது. குழுவினர் வெயில் தாங்காமல் அதன் நிழலில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள், மோர் குடித்தார்கள், மிதக்கும் கப்பலின் நிலை பற்றி எம்டி வாசித்த அறிக்கையைக் கேட்டார்கள். ஒருவர் கடலைப் பார்த்து, தூரத்தில் தெரிகிறதல்லவா என்றார். எம்டி, பனியாக இருக்கிறது சார் என்றார். ஒரு வருஷம் முடிந்ததால் சாட்சி மறுபடி உறுதி செய்ய வேண்டும் என்று விதி இருந்தது. ஜெபக்கனியைக் கூப்பிட்டார்கள்.

அவள் குழுத் தலைவருக்கு எதிரே நின்றாள். அவருக்குப் பின்னால் இரும்புத் தகடு சுவர் போல எழும்பி நின்றது. கப்பல் இப்போதும் மிதக்கிறதா, ஆமாம் என்று சொன்னால் போதும் என்று எம்டி எடுத்துக் கொடுத்தார். தெருவில் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன, எல்லாக் கதவுகளிலும் நாங்கள் நின்றோம். அவள் ஆமாம் சொல்ல வேண்டும் என்றுதான் நாங்கள் நின்றோம், அதை மறைக்க இப்போது முடியாது.

“மிதக்கலைங்கய்யா” என்றாள். “அன்னைக்கும் மிதக்கல. நான் பாக்காமத்தான் போட்டேன். அது உங்க முதுகுக்குப் பின்னால நிக்கி.”

குழுத் தலைவர் திரும்பவில்லை. முப்பது வருஷம் அரசாங்க வேலை பார்த்தவர், தலைமுடியெல்லாம் நரைத்தவர், அவர் கழுத்து மட்டும் கொஞ்சம் விறைத்தது.

“திரும்பிப் பார்த்தா நான் எழுதணும்மா” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு கோப்பைக் கட்டி, காரை நேர் எதிரே கொண்டுவரச் சொல்லி, தலையைத் திருப்பாமலேயே ஏறிப் போனார்.

அன்று மதியம் சங்கு ஊதியது. கப்பல் நகரவில்லை. மறுநாளும் நகரவில்லை. பத்து மாதமாகக் கேட்டுப் பழகின சத்தம் இல்லாததால் குழந்தைகள் அழுதன. ஜெபக்கனி வாசலில் வந்து நின்று, அந்த நான்கு ஆள் நீள மண்ணைப் பார்த்தாள், அன்று தெருவைக் கூட்டினாள், கோலம்கூடப் போட்டாள்.

பதினோராம் நாள் தபால் வந்தது. மேடையிலும் இல்லாத, கடலிலும் இருப்பதாக உறுதி செய்யப்படாத ஒரு கப்பலை வைத்துக்கொண்டு தளம் எதற்கு என்று கேட்டிருந்தார்கள். பங்குனி கடைசிக்குள், தளத்தில் வேலை பார்க்கும் யாராவது ஒருவர் மிதந்ததை நேரில் கண்டதாகக் கையெழுத்திட்டு அனுப்பினால் மறுபரிசீலனை செய்யலாம், இல்லாவிட்டால் மூடப்படும், வீடுகளையும் காலி செய்ய வேண்டும் என்று இருந்தது. வெற்றுப் படிவம் ஒன்றை இணைத்திருந்தார்கள்.

படிவத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக ஜெபக்கனியிடம் போனோம். ஏற்கெனவே போட்டவள்தானே, கப்பலும் ஏற்கெனவே அவள் வாசலில்தானே நிற்கிறது, புதிதாக என்ன வந்துவிடப்போகிறது என்று பக்குவமாகப் பேசினோம். கேன்டீன்காரர் போனார். பாதிரியார் போனார். அக்கா போய்க் காலைப் பிடித்து அழுதாள், அவள் வீட்டுக்காரரும் பெயிண்டர். ஆறாம் நாள் ஜெபக்கனி படிவத்தை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் குரல் தெருவில் கேட்டு நாங்கள் அறிந்ததில்லை.

“யாராவது ஒருத்தர்னுதான போட்டிருக்கு” என்றாள். “எம் பேரு இல்லியே. எல்லாரும் பாத்தியல்லா, எல்லாருந்தான கை தட்டுனிய. பாத்தவங்க போடுங்க.”

முதலில் நின்ற என் அம்மாவின் கையில் அதைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் காகிதம் எங்கள் ஊரில் மூன்று நாள் சுற்றியது. கொதிக்கிற பாத்திரத்தை வாங்கி மாற்றுவது போல ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போனது. ஒவ்வொரு வீட்டிலும் கதவைச் சாத்திப் பேசினார்கள். பேனா எடுத்தவர்கள் இருந்தார்கள், பிள்ளைகள் தூங்குவதைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார்கள். எம்டியிடம் போனது, அவர் தாம் சமர்ப்பிக்கிறவர், காண்கிறவர் இல்லை என்று திருப்பிவிட்டார். பால்வண்ணன் அண்ணாச்சி வீட்டில் ஓர் இரவு இருந்தது. காலையில் அவர் கண்கள் சிவந்திருந்தன, காகிதம் வெறுமையாகத்தான் வந்தது. எங்கள் வீட்டுக்கு மறுபடி வந்தபோது நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். பல கைகளின் வேர்வை பட்டு ஓரமெல்லாம் துணி போல ஆகியிருந்தது. நானும் தளத்தில் தட்டச்சு செய்கிறவள்தான், நானும் போட்டிருக்கலாம். அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைசி நாள் காலையில் அது சங்க அலுவலக மேசைமேல் ஒரு கல்லுக்குக் கீழே இருந்தது. அதில் கையெழுத்து இருந்தது. அவசரமாக இழுத்த கோடு, யாருடையது என்று படிக்க முடியவில்லை, படிக்க யாரும் குனிந்து பார்க்கவும் இல்லை. அண்ணாச்சி அதை உறையில் போட்டுப் பத்து மணிப் பேருந்தில் ஆளைக் கொடுத்து அனுப்பினார்.

அதன்பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. போட்டவர் யாரோ, அவர் வீட்டுப் பக்கம் இன்று அது திரும்பும். நான் போடவில்லை என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள், சொல்லிவிட்டுத் தன் வீட்டில் இருப்பவர்களைப் பார்த்தார்கள். என் அப்பாவை அம்மா இரண்டு தடவை கேட்டாள். பதினொன்றரைக்கே எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டோம், தளத்துக் குடும்பங்கள் எல்லாம், கைக்குழந்தைகளோடு. அந்த மூக்கு எங்கள் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஜெபக்கனியும் தன் வாசலில் நின்றாள். அவள் உதடு அசைந்தது, பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. அவள் திரும்பு, திரும்பு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சங்கு ஊதியது. இரும்பை இழுக்கும் சத்தம் கேட்டது. கப்பல் திரும்பவில்லை. மூக்கு ஒரு விரல்கடைகூட விலகாமல், ஒன்பதாம் எண்ணை நேராகப் பார்த்து, ஓர் ஆள் நீளம் முன்னால் வந்து நின்றது.

தெருவெல்லாம் ஒரு பெருமூச்சு ஓடியது. யாரோ சிரித்தார்கள். யாரோ ஒருவர், அது பழைய ஞாபகத்தில் வருது போல என்றார். ஜெபக்கனி சிரிக்கவில்லை. தான் போடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி வீட்டுக்குள் பார்த்தாள். கதவு திறந்தே இருந்ததால் எங்களுக்கும் தெரிந்தது. உள்ளே கட்டிலில் ஆசீர் உட்கார்ந்திருந்தான், மிதவைச் சட்டையைக்கூடக் கழற்றாமல்.

“இத்தன பேருல உங்களுக்குத்தான் கை வந்துதா?” என்றாள்.

“ஒருத்தன் போடணும்லா.” அவன் அவளைப் பார்க்கவில்லை. “நீ ஒங்க அக்கா வீட்டுக்குப் போயிரு கனி. இனிமே ஒன்னத் தேடி வராது. கதவு தொறப்பாவ.”

அவள் அக்கா எங்களோடுதான் நின்றாள். எங்கே நிற்பது என்று தெரியாமல் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஜெபக்கனி எங்களை ஒரு தடவை பார்த்தாள், வரிசையாக, தெரு முழுவதையும். பிறகு உள்ளே போய்க் கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ஆரஞ்சுச் சட்டையின் நாடாவை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கத் தொடங்கினாள். அவன் சின்னப் பையன் மாதிரி கையைத் தூக்கிக் கொடுத்தான். யாராவது ஏதாவது சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கும். மூன்று ஆள் நீளம் மிச்சம் இருந்தது.

நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். நாங்கள் சாப்பிடப் போனோம்.